ராத்தலுக்குப் பதினெட்டு

ஈயத்தை முதலில் நகத்தால் கீறிப் பார்க்க வேண்டும். தாத்தா எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் அது. கீறல் விழுந்தால் சுத்த ஈயம். நகம் வழுக்கிக்கொண்டு போனால் வேறு ஏதோ கலந்திருக்கிறது, பன்றிக்கு ஆகாது. அப்போது எனக்குப் பதினொரு வயது. அவர் கொடுத்த ஈயக்கட்டியில் கட்டைவிரல் நகத்தை அழுத்தி இழுத்தேன். வெள்ளியாக ஒரு கோடு விழுந்தது. கொஞ்ச நேரத்தில் அது மங்கிப் பழைய சாம்பல் நிறத்துக்குத் திரும்பிவிட்டது. "இதான் நம்மது" என்று சொல்லி, கட்டியைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

எங்கள் வயல் வடகரையிலிருந்து மேக்கரைக்குப் போகிற வழியில் மலையடிவாரத்தில் இருந்தது. நிமிர்ந்து பார்த்தால் பண்பொழி திருமலைக் கோயில் தெரியும். இன்று அடவிநயினார் அணை நிற்கிற இடத்தில் அன்று அனுமன் நதி தன் போக்கில் ஓடிக்கொண்டிருந்தது. வயலுக்கு மேற்கே மாந்தோப்பு, தென்னந்தோப்பு, அதற்கப்புறம் காடு. ஆரியங்காவுக் கணவாய் வழியாக வருகிற காற்று குற்றாலத்துக்குக் கொடுக்கிற அதே சாரலை எங்களுக்கும் கொடுத்தது. ஐந்தருவியில் குளிக்க ஊர் ஊராக ஜனம் வந்து இறங்குகிற அந்த மாதங்கள்தான் எங்களுக்குக் கார் சாகுபடிக் காலம். ஆவணியில் கதிர் பால் பிடிக்கும். பால் பிடித்த கதிரின் வாசனை மனிதனுக்குத் தெரியுமோ தெரியாதோ, பன்றிக்குத் தெரியும். ஒரு கூட்டம் ஓர் இரவில் தின்பதைவிட உழப்பிப் போடுவதுதான் அதிகம். காலையில் போய்ப் பார்த்தால் வயலில் பாய் விரித்துப் படுத்து எழுந்தது மாதிரி இருக்கும்.

அதற்காகத்தான் தாத்தாவிடம் துப்பாக்கி இருந்தது. வாய்வழியாக மருந்து போட்டுக் கெட்டிக்கிற ஒற்றைக் குழல். உரிமத்தில் பயிர்ப் பாதுகாப்புக்கு என்றே எழுதியிருந்தது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் இந்த வகைத் துப்பாக்கியைத் தனியாகப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. பயிரைக் காக்க ஒரு விவசாயி கேட்டால் முதலில் இதைத்தான் கொடுக்க வேண்டும், இது போதாது என்று அதிகாரிக்குத் தோன்றினால்தான் வேறு ரகம். சட்டம் எழுதியவர்கள் இந்தக் கருவியின் வேகத்தைக் கணக்கில் எடுத்திருக்க வேண்டும். ஒரு தடவை வெடித்தால் அடுத்ததற்கு நிதானமான ஒரு நிமிஷமாவது ஆகும். அவசரக்காரன் கையில் அது உதவாது.

குண்டு வார்ப்பது மாட்டுத்தொழுவத்தில். அடுக்களைப் பக்கம் ஈயத்தைக் கொண்டுவரக் கூடாது என்று ஆச்சி கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். ஈயப் புகை ஆகாது என்பது அவளுக்கு எப்படியோ தெரிந்திருந்தது. தொழுவத்திலும் கூரை ஒழுகாத மூலையில்தான் அடுப்பு. உருகின ஈயத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தால் போதும், நீர் ஒரே நொடியில் ஆவியாகி ஈயத்தை முகத்தில் வாரி அடித்துவிடும். சாரல் காலத்தில் எங்கிருந்து எந்தச் சொட்டு வரும் என்று சொல்ல முடியாது. அதனால் தாத்தா பெரும்பாலும் பங்குனி, சித்திரையிலேயே வருஷத்துக்கான குண்டுகளை வார்த்து முடித்துவிடுவார். ஈயம் உருக 327 டிகிரி வெப்பம் வேண்டும் என்று பிற்பாடு பள்ளியில் படித்தேன். அவர் கணக்கு வேறு. ஒரு காய்ந்த தென்னை ஈர்க்கை உள்ளே விட்டு எடுப்பார். ஈர்க்கு கருகினால் வார்க்கலாம்.

இரண்டு கைப்பிடி வைத்த இரும்பு அச்சு, இடுக்கி மாதிரி இருக்கும். முதல் மூன்று குண்டுகளை எப்போதும் திரும்ப உருக்கப் போட்டுவிடுவார். அச்சு சூடேறாமல் வார்த்தால் குண்டின் மேல் சுருக்கம் விழும், உள்ளே காற்றுக்குழி இருக்கும். காற்றுக்குழி உள்ள குண்டு ஒரு பக்கம் கனம் குறைந்து, நேராகப் போகாது. நல்ல குண்டுகளை வரிசையாகச் சாக்கின் மேல் வைத்து ஒவ்வொன்றாக உள்ளங்கையில் உருட்டிப் பார்ப்பார். வார்த்த இடத்தில் நிற்கிற காம்பைக் கத்தியால் சீவி, அந்த இடத்தை மரத்துண்டில் தேய்த்து மழுக்குவார். அதுதான் என் வேலை. ஒரு கோடை முழுக்கத் தேய்த்த ஞாபகம் இன்னும் என் விரலில் இருக்கிறது.

அந்தக் குழல் பதினாறு போர். போர் கணக்கு என்பது ராத்தல் கணக்குத்தான், அதாவது பவுண்டு. ஒரு ராத்தல் ஈயத்தில் குழலின் வாய் அளவுக்குச் சரியாகப் பதினாறு உருண்டை வந்தால் பதினாறு போர், பன்னிரண்டு வந்தால் பன்னிரண்டு போர். எண் குறையக் குறைய வாய் பெரிசு. ஆனால் தாத்தாவின் அச்சில் ராத்தலுக்குப் பதினெட்டுக் குண்டு விழும், மிச்சமாகக் கொஞ்சம் ஈயமும் இருக்கும். பதினாறு வர வேண்டிய இடத்தில் ஏன் பதினெட்டு என்று கேட்டேன். "துணிக்கு இடம் வேண்டாமாடே?" என்றார். குண்டு குழலின் வாயைவிடக் கொஞ்சம் சின்னதாக இருக்க வேண்டும். அந்த இடைவெளியை எண்ணெயில் நனைத்த துணி அடைக்கும். துணி இல்லாவிட்டால் மருந்தின் வேகம் குண்டைச் சுற்றி ஒழுகிப்போகும், குண்டு குழலுக்குள் அங்குமிங்கும் தட்டிக்கொண்டு வெளியே வரும். எங்கள் வீட்டில் அதற்கென்று தாத்தாவின் பழைய வேட்டியைத்தான் கிழிப்போம். பல தடவை துவைத்து மெலிந்த துணிதான் சரி. புதுத்துணி கஞ்சியோடு விறைத்து நிற்கும், மடங்காது. எண்ணெய், விளக்கெண்ணெய்.

கெட்டிக்கிற முறையை அவர் வாயால் சொல்லித் தரவில்லை, பார்க்க விட்டார். மருந்தை ஒருநாளும் கொம்பிலிருந்து நேராகக் குழலில் கொட்ட மாட்டார். முந்தின வெடியின் பொறி ஒன்று குழலின் அடியில் உயிரோடு இருந்தால், தீ கொம்பு வரைக்கும் ஏறி வரும். அதனால் முதலில் ஒரு மூங்கில் குப்பியில் அளந்து, கொம்பை மூடி, தள்ளி வைத்துவிட்டு, பிறகுதான் குப்பியிலிருந்து குழலுக்கு. குழலை உள்ளங்கையால் இரண்டு தட்டு. அதன்மேல் தேங்காய்த் தும்பில் உருட்டிய தக்கை. பிறகு துணி, துணிமேல் குண்டு. கட்டைவிரலால் அமுக்கி வாய்க்குள் இறக்கி, இரும்புக் கெஜத்தால் ஒரே சீராகத் தள்ளுவார். இடிக்க மாட்டார். இடித்தால் ஈயம் தட்டையாகிவிடும்.

அந்தக் கெஜத்தில் இரண்டு கோடு இருந்தது. அரத்தால் அறுத்த கோடு. வெறும் குழலில் கெஜத்தை விட்டால் முதல் கோடு வாயோடு வாய் நிற்கும். மருந்தும் தக்கையும் குண்டும் சரியாக உட்கார்ந்திருந்தால் இரண்டாவது கோடு நிற்கும். இரண்டாவது கோட்டுக்கும் மேலே கெஜம் தூக்கிக்கொண்டு நின்றால் குண்டு பாதி வழியில் மாட்டியிருக்கிறது, அல்லது மறதியில் இரண்டு தடவை மருந்து போட்டாகிவிட்டது. இரண்டும் ஆளைக் கொல்லும். மருந்துக்கும் குண்டுக்கும் நடுவில் வெற்றிடம் இருந்தால் குழல் அந்த இடத்தில் உப்பும், சில சமயம் பிளக்கும். பக்கத்து ஊரில் ஒருவருக்கு இடது கையில் மூன்று விரல்தான் இருந்தன. அவரைக் கோயில் கொடையில் பார்க்கும்போதெல்லாம் தாத்தா என்னை முழங்கையால் ஒரு இடி இடிப்பார். வேறு ஒன்றும் சொல்ல மாட்டார்.

ஜிம் கார்பெட் சிறுவயதில் காட்டுக்கு எடுத்துப்போன முதல் துப்பாக்கியைப் பற்றி எழுதியிருப்பதைப் பிற்பாடு படித்தேன். அதுவும் வாய்வழி கெட்டிக்கிற இரட்டைக் குழல்தான். யாரோ மருந்தை அதிகமாகப் போட்டதில் வலது குழல் பிளந்துபோய், உடைந்த கட்டையைப் பித்தளைக் கம்பியால் கட்டி வைத்திருந்தார்களாம். மிஞ்சியது இடது குழல் மட்டும். குமாவுன் மலையடிவாரத்துப் பையனுக்கும் எனக்கும் நடுவில் எத்தனையோ தூரம். ஆனாலும் அந்தப் பக்கத்தைப் படித்தபோது எனக்கு அந்த மூன்று விரல்காரர்தான் கண்ணில் நின்றார்.

எல்லாம் முடிந்த பிறகுதான் கேப்பு. செம்பில் செய்த சின்னத் தொப்பி. குதிரை வந்து அதன்மேல் அடித்தால் தீ குழலுக்குள் பாயும். "கேப்பு கடைசி. வாயக் காட்டுக்குத் திருப்பி வச்ச பொறவுதான் கேப்பு." இந்த ஒரு வாக்கியத்தை அவர் எத்தனை தடவை சொல்லியிருப்பார் என்று கணக்கில்லை. கேப்பு வருவதற்கு முன்னால் திரியும் சக்கிமுக்கிக் கல்லும்தான். நெற்கட்டும்செவலிலும் பாஞ்சாலங்குறிச்சியிலும் நம் பாளையக்காரர்கள் பிடித்தது திரி வைத்த துப்பாக்கி. மழையில் திரி அணைந்தால் கையில் இருப்பது வெறும் தடி. 1801 டிசம்பர் 1ஆம் தேதி கும்பினியார் அறிக்கை போட்டுப் பாளையங்களின் ஆயுதங்களைப் பறித்தபோது நம் பக்கத்தில் யாரும் கேப்பைக் கண்டிருக்க மாட்டார்கள். ஆறு வருஷம் கழித்து 1807இல், ஸ்காட்லாந்தில் பாதிரியாராக இருந்த அலெக்சாண்டர் ஃபோர்சைத், அடித்தால் தீப்பிடிக்கிற மருந்தைத் துப்பாக்கியில் பொருத்துகிற முறைக்கு உரிமம் வாங்கினார். கல் துப்பாக்கியில் முதலில் தெரிகிற பளிச்சைப் பார்த்துப் பறவைகள் பறந்துவிடுகின்றன என்பதுதான் அவரை அதற்குள் இறக்கியது. அந்தப் பறவைகளின் புண்ணியத்தில் எங்கள் சாரலிலும் துப்பாக்கி வெடித்தது. அதுவும் எப்போதும் இல்லை. கேப்பு நமுத்துப்போனால் 'டப்' என்று ஒரு சத்தம் மட்டும் வரும். கேப்பு டப்பாவைத் தாத்தா மடியில் கட்டி வைத்துக்கொள்வார், உடம்புச் சூட்டில் காயட்டும் என்று.

இவ்வளவும் கைப்பழக்கம். எதைப் போட்டுக் கெட்டிக்கிறது என்பதில்தான் மனுஷன் யார் என்று தெரியும் என்று தாத்தா நினைத்தார். நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

எங்கள் பக்கத்தில் நிறையப் பேர் ரவைதான் போடுவார்கள். ஒரு கைப்பிடி ரவை. எங்கே பட்டாலும் படும் என்கிற நம்பிக்கை. ரவை வாங்கக் காசில்லாதவர்கள் கம்பித்துண்டு, சைக்கிள் பால்ரஸ், மழுங்கிய ஆணி என்று கிடைத்ததைப் போட்டார்கள். முயலுக்கும் கவுதாரிக்கும் ரவை சரி. பன்றியின் தோள்பட்டையில், வயசான ஆண் பன்றியாக இருந்தால், தோலுக்கடியில் கேடயம் மாதிரி ஒரு தடிப்பு இருக்கும். ஆண் பன்றிகள் ஒன்றோடொன்று சண்டை போடும்போது கொம்பு ஏறாமல் இருக்க இயற்கை கொடுத்தது. ரவை அதில் புதைந்து நின்றுவிடும். பன்றி ஓடிவிடும். சீழ் பிடித்து, புழு வைத்து, எங்கோ ஓடைக்கரையில் பல நாள் கழித்துச் சாகும். வயல்காரனுக்குச் சத்தம் கேட்ட திருப்தி. தாத்தா அதைப் பாவம் என்றே சொன்னார். ஒரு குண்டு, ஒரு இடம். முன்னங்கால் மூட்டுக்குப் பின்னால், நெஞ்சுக்கூட்டின் கீழ்ப்பாதி. அந்த இடம் தெரியவில்லை என்றால் குதிரையை இறக்கி வைத்துவிட வேண்டும்.

ஆனைக்கு? குண்டே கிடையாது. மருந்தும் தக்கையும் மட்டும், வானத்தைப் பார்த்து, சத்தத்துக்கு. "நம்ம குண்டு அதுக்கு முள்ளு. குத்தும், கொல்லாது. குத்துன ஆனை ஊருக்குள்ள வரும்" என்பார். இதற்கு எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் கணக்குக் கிடைத்தது. இலங்கையில் நுவரெலியாவில் குடியிருந்த சாமுவேல் பேக்கர் 1854இல் வெளியிட்ட வேட்டைப் புத்தகத்தில் தன் ஆனைத் துப்பாக்கியைப் பற்றி எழுதுகிறார். இருபத்தொரு ராத்தல் எடை. கால் ராத்தல் குண்டு. ஒரு தடவைக்கு ஒரு அவுன்ஸ் மருந்து. எங்கள் குண்டு இருபத்துநாலு கிராம், அவருடையது நூற்றுப் பதிமூன்று. பெரிய மிருகத்துக்கு வெறும் ஈயம் நசுங்கிவிடும் என்று அந்தக் காலத்து வேட்டைக்காரர்கள் வெள்ளீயமோ பாதரசமோ கலந்து கெட்டியாக்கினார்கள். அதே தீவில் மேஜர் ராஜர்ஸ் என்ற ஒருவர் ஆயிரத்து நானூறுக்கும் மேற்பட்ட ஆனைகளைக் கொன்றதாகச் சொல்வார்கள். 1845இல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கிச் செத்தார். ஆயிரத்து நானூறு என்ற எண்ணை முதன்முதலில் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. எங்கள் வயலுக்கு வருகிற கூட்டத்தில் ஏழு, எட்டு ஆனை இருக்கும். குட்டியை நடுவில் விட்டு, வரப்பு மிதிபடாமல் தாண்டிப் போவதைப் பார்த்திருக்கிறேன்.

தாத்தா ஒரே ஒரு தடவை ஈயத்தை மாற்றிப் பார்த்தார். தென்காசியில் ஒரு அச்சகத்தை மூடியபோது தேய்ந்த அச்செழுத்துகளை எடைக்குப் போட்டார்கள். சல்லிசாகக் கிடைத்தது என்று தெரிந்தவர் ஒருவர் ஒரு பொட்டலம் கொண்டுவந்து கொடுத்தார். ககரமும் மகரமும் இடவலம் மாறி இருந்த சின்னச் சின்ன ஈயத் துண்டுகள். உருக்க எனக்கு மனசே வரவில்லை, எழுத்தாயிற்றே. நகத்தால் கீறினேன், கோடு விழவில்லை. அச்செழுத்தில் ஈயத்தோடு ஆண்டிமனியும் வெள்ளீயமும் உண்டு. எழுத்தின் ஓரம் மழுங்காமல் கூர்மையாக நிற்பதற்காக. அந்த உலோகம் ஆறும்போது ஈயம் அளவுக்குச் சுருங்காது, அதனால் அதே அச்சில் குண்டு ஒரு மயிரிழை பெரிசாக விழுந்தது. இறுக்கமாக இறங்கிற்று. பளபளப்பாக, ஒரு சுருக்கம் இல்லாமல், பார்க்க அத்தனை அழகு. தாத்தாவுக்கு ஆசை வந்துவிட்டது.

அந்த ஆவணியில் அதைப் போட்டு ஒரு பன்றியைச் சுட்டார். இடம் சரி. பன்றி ஒரு தடவை முன்னால் குனிந்தது, பிறகு நேராக மேற்கே ஓடிவிட்டது. கெட்டிக் குண்டு நசுங்கவே இல்லை. ஊசி மாதிரி உள்ளே போய் மறுபக்கம் வெளியே வந்துவிட்டது. மறுநாள் விடியலிலிருந்து தாத்தா தேடினார். எல்லோரும் வயல் வேலையில் இருக்க, அவர் மட்டும் ஓடையோரமாக ரத்தத் துளி பார்த்துக்கொண்டு நடந்தார். அதற்கு அடுத்த நாளும் போனார். மூன்றாம் நாள் ஈச்சம்புதருக்குள் நாற்றம் காட்டிக்கொடுத்தது. திரும்பி வந்து கிணற்றடியில் தலைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டு, சாப்பிடாமல் படுத்துவிட்டார். மிச்சமிருந்த எழுத்துக் குண்டுகளைக் குளத்தில் வலை போடுகிறவருக்கு வலைக்குண்டாகக் கொடுத்துவிட்டார். அவர் தப்பு செய்துவிட்டுத் தனக்குத்தானே அபராதம் விதித்துக்கொண்டதை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். ஈயம் ஏன் மெத்தென்று இருக்க வேண்டும் என்று அதன்பிறகு நான் கேட்டதில்லை.

1971 ஆவணியில் என்னைப் பரணுக்குக் கூட்டிப்போனார். எனக்குப் பதிமூன்று வயது. பரண் வயலின் கிழக்கோரத்தில் ஒரு மாமரத்தில். மலையிலிருந்து காற்று எங்களைப் பார்த்து வீசியது. பன்றி மேற்கிலிருந்து வரும், எங்கள் வாடை அதற்குப் போகாது. சாரல் நின்று நின்று விழுந்தது. துப்பாக்கியின் குதிரைப் பக்கத்தைத் தாத்தா தன் துண்டால் சுற்றியிருந்தார். தவளைச் சத்தத்தில் வேறு எதுவும் கேட்காது என்று நினைத்தேன். ஆனால் ஒரு கட்டத்தில் மேற்குப் பக்கத்துத் தவளைகள் மட்டும் நிறுத்திக்கொண்டன.

முதலில் வந்தது தாய்ப் பன்றி. பின்னால் குட்டிகள், மங்கின நிலா வெளிச்சத்தில் வரிவரியாக முதுகு தெரிந்தது. தாத்தா துப்பாக்கியைத் தூக்கவே இல்லை. மடியிலிருந்த ஒரு மண்ணாங்கட்டியை எடுத்து வீசினார். தண்ணீரில் சளப்பென்று விழுந்ததும் கூட்டம் கலைந்தது. நெல் போகட்டும் என்று அவர் முடிவெடுக்க ஒரு மூச்சு நேரம்கூட ஆகவில்லை. வெகுநேரம் கழித்து ஒற்றைப் பன்றி ஒன்று வந்தது, பெரிய ஆண். இருபது தப்படி இருக்கும். எதிர்முகமாக நின்றது, அவர் காத்திருந்தார். பக்கவாட்டில் திரும்பியது, ஒரு காலை முன்னால் வைத்தது.

வெடித்ததும் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கரிமருந்தின் புகை வெள்ளை வெளேரென்று எங்கள் முன்னால் நின்றது. ஈரக்காற்றில் அது கலையவும் இல்லை. முட்டை அழுகின மாதிரி கந்தக வாசனை. நான் இறங்கப் போனேன். தாத்தா என் தோளைப் பிடித்து உட்கார வைத்தார். "ஒரு வெத்தில போட்டு முடியட்டும்." அடிபட்டதை உடனே துரத்தினால் அது ஓடும், விட்டால் படுத்துக்கொள்ளும். அவர் நிதானமாக வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவி வாயில் போட்டுக்கொண்டு, அந்த இருட்டிலேயே மறுபடி கெட்டித்தார். கெஜம் இறங்கியதும் கட்டைவிரலைக் குழல் வாயில் வைத்து, கோட்டைத் தடவிப் பார்த்தார். அந்தக் கோடுகளைச் சாயத்தில் போடாமல் அரத்தால் ஏன் அறுத்திருந்தார் என்பது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

முப்பது தப்படி தள்ளி, வரப்பில் தலையைச் சாய்த்தபடி கிடந்தது. காலையில் தோலுரிக்கும்போது, மறுபக்கத் தோலுக்கு உள்புறமாக, தோலை ஒட்டிக்கொண்டு குண்டு இருந்தது. உருண்டை இல்லை, காளான் மாதிரி விரிந்து தட்டையாகப் பழைய ஓரணா அளவுக்கு இருந்தது. ஒரு பக்கத்தில் வேட்டித் துணியின் நெசவு அப்படியே பதிந்திருந்தது. தாத்தா அதைக் கழுவி எடுத்துக்கொண்டு ஆசாரியின் பட்டறைக்குப் போய் நகைத் தராசில் ஒரு தட்டில் அதையும் மறுதட்டில் ஒரு புதுக்குண்டையும் வைத்தார். முள் கொஞ்சம்தான் சாய்ந்தது. "பாத்தியா, தன்ன விடல" என்றார். அந்தத் தட்டைக் குண்டு இப்போது என்னிடம்தான் இருக்கிறது.

உலகத்தில் வேறு இடங்களில் இந்தக் கலை எங்கெங்கோ போய்விட்டது. 1840களின் கடைசியில் மினியே என்ற பிரெஞ்சு ராணுவ அதிகாரி அடியில் குழிவு வைத்த கூம்புக் குண்டைக் கொண்டுவந்தார். மருந்து வெடிக்கும் வேகத்தில் அடிப்பக்கம் விரிந்து குழலின் திருகுவரியைப் பிடித்துக்கொள்ளும். அமெரிக்காவில் வாய்வழித் துப்பாக்கிக்கென்றே மான் வேட்டைப் பருவம் ஒதுக்கியிருக்கிறார்கள். எங்கள் உறவுக்காரப் பையன் ஒருவன் பென்சில்வேனியாவில் இருக்கிறான். அங்கே கிறிஸ்துமஸ் முடிந்து வருகிற ஒரு பருவத்துக்குச் சக்கிமுக்கிக் கல் துப்பாக்கிதான் அனுமதி என்று சொன்னபோது நான் நம்பவில்லை. துணி சுற்றின உருண்டைக் குண்டுக்கு 66 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்று மெதுவான திருகுவரி, நீளக் குண்டுக்கு 28 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்று வேகமான திருகுவரி, அவர்கள் பேச்சு அப்படிப் போகிறது. எங்கள் குழலில் வரியே கிடையாது. அதனால்தான் இருபது தப்படி. அதற்கு மேல் தாத்தா சுட்டதில்லை.

மறுவருஷம், 1972இல், வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. எங்கள் வனக்காவலர் வந்து திண்ணையில் உட்கார்ந்து அதை விளக்கிச் சொன்னார். தாத்தா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு உள்ளே போனார். இரும்பு அச்சுக்கு விளக்கெண்ணெய் தடவி, துணியில் சுற்றி, பரணில் வைத்துவிட்டார். அதன்பிறகு அந்த வீட்டில் ஈயம் உருகவில்லை. துப்பாக்கி சத்தத்துக்கு மட்டும்தான், மருந்தும் தும்பும். அவர் வாழ்நாளில் குண்டு போட்டுச் சுட்டது ஏழு பன்றி, அதில் ஒன்று அந்த ஈச்சம்புதர்ப் பன்றி. எப்போதாவது எண்ணிச் சொல்லும்போது அதைக் கடைசியில் சொல்வார்.

இன்றைக்கு மேக்கரைப் பக்கம் போனால் சூரிய மின்வேலி, பட்டாசு, தலைவிளக்கு. ஆனைகள் தென்னையின் குருத்தைப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் போகின்றன. நெல்லை வனவிலங்கு சரணாலயம் 2015இல் வந்தது. 2025 ஜனவரியில் அரசு பன்றிக்கு ஒரு வரையறை செய்தது. காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் சுடக்கூடாது, ஒன்றுக்கும் மூன்றுக்கும் நடுவில் பிடித்துக் காட்டில் விட வேண்டும், மூன்றுக்கு அப்பால் வனத்துறையினர் சுடலாம். எங்கள் பழைய வயல் காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள்தான். விவசாயியின் கஷ்டம் எனக்குத் தெரியாததில்லை, பாதி வயலைப் பறிகொடுத்த காலை எனக்கும் உண்டு. ஆனால் எனக்கு ஆத்திரம் வருவது பன்றியின் மேல் இல்லை. அவுட்டுக்காய் வைக்கிறவர்கள் மேல். பழத்துக்குள்ளோ மாவுருண்டைக்குள்ளோ வெடியை ஒளித்து வைத்துவிட்டு வீட்டில் போய்த் தூங்குகிறார்கள். எது கடிக்கும், எப்படிச் சாகும் என்று பார்க்கக்கூட அங்கே ஆள் இருப்பதில்லை. 2020 மே மாதம் கேரளத்தில் வாய் கிழிந்த கர்ப்பிணி ஆனை வெள்ளியாற்றுக்குள் நின்றுகொண்டே செத்த படத்தைப் பார்த்தபோது தாத்தா இருந்திருந்தால் என்ன செய்திருப்பார் என்று யோசித்தேன். கிணற்றடிக்குப் போயிருப்பார்.

அவர் 1984 தை மாதம் போனார். அந்த டிசம்பரில் சட்டசபைக்கும் நாடாளுமன்றத்துக்கும் சேர்ந்து தேர்தல். தேர்தல் வந்தால் உரிமத் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும், எப்போதும் உள்ள வழக்கம்தான். தாத்தா உயிரோடு இருக்கும்போது கோணியில் சுற்றி, சைக்கிளில் கட்டி எடுத்துப்போவார். தேர்தல் முடிந்து அதே கோணியோடு போய் வாங்கி வருவார். அந்தத் தடவை அப்பாவும் நானும் போனோம். அப்பா உரிமத்தைத் தன் பெயருக்கு மாற்றவில்லை, மாற்றப் போவதுமில்லை என்று வழியிலேயே சொல்லிவிட்டார்.

ஸ்டேஷனில் இருந்த ஏட்டையா வயசானவர். கோணியைப் பிரித்து, குழலைக் கையில் எடுத்து வாயை மேலே தூக்கிப் பார்த்தார். "உள்ள ஏதும் இருக்கா?" என்று கேட்டார். கேப்பு இல்லை என்பது கண்ணுக்குத் தெரியும். ஆனால் வாய்வழித் துப்பாக்கியின் அடியில் என்ன இருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அப்பாவுக்கும் தெரியவில்லை. தாத்தா கடைசியாக ஆனைக்குக் கெட்டித்தாரா, வெடித்தாரா, யாருக்கும் ஞாபகமில்லை.

நான் கெஜத்தை உருவினேன். சின்ன வயதில் தாத்தா சொல்லியிருந்தார்: "உள்ள போட்டுப் பாரு. தொப்புன்னா ஆளிருக்கு. டங்குன்னா வெறும் வீடு." கெஜத்தைக் குழலின் வாயில் வைத்து விட்டேன். அது தன் கனத்தில் இறங்கிப்போய் அடியில் இரும்பில் மோதியது. டங்கென்று கேட்டது. முதல் கோடு வாயோடு வாய் நின்றது. ஏட்டையா பேரேட்டைத் திறந்தார். அப்பா என் பக்கம் திரும்பி, "இன்னொரு தடவ போடு" என்றார். நான் கெஜத்தை மேலே இழுத்து மறுபடியும் விட்டேன்.